கடைமடை எங்கே முடிகிறது?

குளத்துப் பாசனம் நடைபெறும் ஊர்களில் ஒரு வழக்கம் உண்டு. மடை திறந்ததும் தண்ணீர் முதலில் தலைமடை வயல்களை நனைக்கும். பின்னரே வாய்க்காலின் கடைக்கோடியிலுள்ள வயலைச் சென்றடையும். தண்ணீர் குறைந்த ஆண்டுகளில் தலைமடைக்காரருக்கும் கடைமடைக்காரருக்கும் பூசல் எழாமல் இராது. அதைத் தீர்க்க அமரும் பெரியவர்கள், "நீ எவ்வளவு எடுத்தாய்?" என்று தலைமடைக்காரரைக் கேட்பதில்லை. "கடைசி வயல் நனைந்ததா?" என்றே கேட்பார்கள். ஒருவர் எடுத்துக்கொண்டது நியாயமா இல்லையா என்பது அவருடைய வயலில் தெரிவதில்லை. அடுத்தவருடைய வயலில்தான் தெரிகிறது. அறநூல் எதுவும் கற்றிராத உழவர் கூட்டம் கண்டெடுத்த அரிய அறம் இது.

எங்கள் வீரகேரளம்புதூர் இந்த அறத்தில் வளர்ந்த ஊர். குற்றால மலையில் அருவியாய் விழுந்து இறங்கும் சிற்றாறு எங்கள் ஊரைத் தொட்டுக்கொண்டு செல்கிறது. அனுமன் நதி அதனோடு வந்து கலப்பதும் இப்பகுதியில்தான். ஊற்றுமலைச் சமீனின் அரண்மனை நின்ற ஊர் என்பதைக் காட்டிலும், இரண்டு ஆறுகள் கூடும் ஊர் என்பதே எங்களுக்குப் பெருமை. எங்கள் கடைமடை எது என்று கேட்டால் கைநீட்டிக் காட்டுவோம். அது எங்கள் குளத்துப் பாசனத்தின் கடைசி வயல். அதற்கப்பாலும் ஒரு கடைமடை உண்டு என்பதை நாங்கள் அறிந்துகொண்ட ஒரு நாளைப் பற்றியே இக்கட்டுரை.

எங்கள் அன்பியக் கூட்டமொன்றில், திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் வெளியிட்ட 'இறைவா, உமக்கே புகழ்' என்னும் சுற்றுமடலைப் பற்றிப் பேச்சு எழுந்தது. நிலத்தின் அழுகுரலையும் ஏழையின் அழுகுரலையும் பிரித்துக் கேட்க இயலாது என்பது அம்மடலின் சாரம். பேச்சு மெல்லத் தாமிரபரணி கடலில் கலக்கும் காயல் பகுதிக்குத் திரும்பியது. அங்குள்ள உப்பளங்கள், இரசாயன ஆலை, மீனவர் குடியிருப்புகள் ஆகியவற்றைப் பற்றி நாங்கள் ஒவ்வொருவரும் ஏதோ கேள்விப்பட்டிருந்தோம். "அந்த ஆலையை இழுத்து மூடினால் எல்லாம் சரியாகிவிடும்" என்றார் ஒருவர். தலையசைக்காதவர் எவருமில்லை. அப்போது வயதில் மூத்த அம்மையார் ஒருவர், "பாக்காத ஊருக்குத் தீர்ப்புச் சொல்லலாமா?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்காகவே நாங்கள் ஐந்து பேர் ஒரு சனிக்கிழமை காலையில் புறப்பட்டோம்.

திருநெல்வேலியிலிருந்து திருச்செந்தூர் செல்லும் இரயிலில் ஏறினோம். சீவலப்பேரியில் சிற்றாற்றைத் தன்னுள் வாங்கிக்கொண்ட தாமிரபரணி, எங்கள் பயணத்திற்கு இணையாகவே கிழக்கு நோக்கிச் சென்றது. திருவைகுண்டத்தில் வண்டி நின்றபோது, 2023 டிசம்பர் வெள்ளத்தில் செந்தூர் விரைவு வண்டி ஏறத்தாழ எண்ணூறு பயணிகளோடு சிக்கி நின்ற நிலையம் இதுதான் என்று ஒருவர் நினைவூட்டினார். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டிய வெள்ளம் அது. ஆற்றின் கடைசி அணைக்கட்டு இருப்பதும் திருவைகுண்டத்தில்தான். அங்கிருந்து வயலுக்கு எவ்வளவு, குடிநீருக்கு எவ்வளவு, ஆலைகளுக்கு எவ்வளவு என்னும் வழக்கு பசுமைத் தீர்ப்பாயம் வரை சென்றதைச் செய்தித்தாள்களில் படித்திருக்கிறோம். தலைமடை, கடைமடைப் பூசல் வளர்ந்து நீதிமன்றம் ஏறிய கதைதான் அதுவும்.

காயல் என்பது கடலும் ஆறும் கைகோக்கும் கழிமுக நீர்ப்பரப்பு. இங்கே அச்சொல் ஊர்ப்பெயர்களாகவே நிலைத்துவிட்டது: பழையகாயல், புன்னைக்காயல், காயல்பட்டினம். பாண்டியரின் முத்துத் துறையாகிய கொற்கை ஒருகாலத்தில் கடல்வாயில் இருந்தது. ஆறு கொண்டுவந்து கொட்டிய வண்டலால் கடல் விலகிப்போக, இன்று அது வயல்களுக்கு நடுவே அமைந்த உள்நாட்டுச் சிற்றூர். துறைமுகம் கிழக்கே நகர்ந்து காயலாயிற்று. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ கண்டு வியந்தது அந்தக் காயலைத்தான். பின்னர் அதுவும் மண்மேடிட்டது. போர்ச்சுக்கீசியர் காலத்தில் புன்னைக்காயல் துறையாக விளங்கியது. தமிழில் முதல் அச்சு நூலைத் தந்த அன்றிக்கே அடிகளார் தங்கித் தமிழ் பயின்ற மண் அது என்பதால், நம் திருச்சபைக்கும் அது அந்நியமன்று.

கொற்கையின் கதையைப் பேசிக்கொண்டு சென்றபோது எங்களுள் ஒருவர், "அப்படியானால் நம் மலையின் மண்தானே அந்தத் துறைமுகத்தை மூடியது?" என்றார். வேடிக்கையாகச் சொன்னதுதான், ஆயினும் அது எங்களை விடவில்லை. வண்டலைக் கொண்டு சென்ற ஆற்றுக்குப் பழியில்லை. அதற்கு அறிவில்லை, விருப்பமில்லை. வேறு வழியும் இல்லை. அறிவும் விருப்பமும் மாற்றுவழியும் உடைய மனிதர் மேலிருந்து எதையேனும் கீழே அனுப்பும்போதுதான் அறம் என்னும் கேள்வி பிறக்கிறது.

ஆறுமுகநேரியில் இறங்கினோம். கண்ணுக்கெட்டிய தொலைவு வரை உப்புப் பாத்திகள். குஜராத்திற்கு அடுத்தபடியாக நாட்டில் மிகுதியாக உப்பு விளைவது தமிழகத்தில். அதில் பெரும்பங்கு தூத்துக்குடி மாவட்டத்தின் இக்கரையில். வெயில் ஏறுமுன் வேலையை முடிக்க விடியுமுன்பே வந்துவிட்ட பெண்கள், நீண்ட கழியில் பொருத்திய பலகையால் உப்பை வாரிக் குவித்துக்கொண்டிருந்தனர். வெண்மையில் பட்டுத் தெறித்த ஒளியைப் பார்க்க எங்கள் கண்கள் ஒரு நாழிகைகூட இசையவில்லை. அவர்கள் ஆண்டில் பல மாதங்கள் அதைப் பார்த்துக்கொண்டே நிற்கிறார்கள். மழைக்காலம் வந்தால் உப்புமில்லை, கூலியுமில்லை. இராஜம் கிருஷ்ணன் 'கரிப்பு மணிகள்' நாவலில் காட்டிய வாழ்க்கையின் சாயல் இன்னும் முற்றிலும் அகன்றுவிடவில்லை.

அந்த உப்பை நம்பியே சாகுபுரம் ஆலை 1950-களின் இறுதியில் தோன்றியது. உப்புக் கரைசலில் மின்சாரத்தைச் செலுத்தினால் எரிசோடாவும் குளோரினும் ஐதரசனும் பிரிகின்றன. எரிசோடா சோப்பாகவும் காகிதமாகவும் துணியாகவும் நம் வீடு வருகிறது. குளோரின் குடிநீரில் கிருமியைக் கொல்கிறது, பி.வி.சி. என்னும் நெகிழியாகவும் மாறுகிறது. பி.வி.சி.யின் எடையில் பாதிக்கு மேல் உப்பிலிருந்து வந்த குளோரின்தான். இதை ஒருவர் விளக்கியபோது, எங்களுடன் வந்த விவசாயி நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "என் கிணத்துல இருந்து வயலுக்கு ஓடுற குழாய் பூரா பி.வி.சி.தான்" என்று மட்டும் சொன்னார்.

ஆலையில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் உழைத்து ஓய்வுபெற்ற ஒருவரைத் தேநீர்க் கடையில் சந்தித்தோம். கழிவுநீர் குறித்துச் சுற்றுவட்டார மக்கள் நெடுங்காலமாக முறையிட்டு வருவது நாடறிந்த செய்தி. அதைப் பற்றித் தயக்கத்தோடு கேட்டோம். அவர் சினங்கொள்ளவில்லை. "ஆலைச் சங்கு ஊதுற சத்தம் கேட்டுத்தான் எங்க வீட்டுல உலை வைப்பாங்க. எங்க அப்பா உப்பளத்துல கூலி. நான் ஷிப்டுல வேலை பாத்தேன். என் மக டீச்சர். இப்போ நீங்க வந்து இது நல்லதா கெட்டதான்னு கேக்கிறிய. நான் என்ன சொல்லட்டும்?" என்றார். பிறகு சற்றுத் தாழ்ந்த குரலில், "எனக்கும் அந்தக் கேள்வி உண்டு. ஆனா அதக் கேக்குற தைரியம் சோறு சாப்பிட்ட பெறகுதான் வரும்" என்றார்.

நாங்கள் கொண்டுவந்திருந்த தீர்ப்பின் முதல் சீட்டு அங்கே கிழிந்தது. உணவு அநீதியை நியாயமாக்கிவிடாது என்பது உண்மை. பிறர் வயிற்றைப் பற்றிய கவலையின்றி உரைக்கப்படும் நீதியும் முழு நீதியன்று என்பதும் அதே அளவு உண்மை. ஆலையை மூடு என்று நூறு கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து சொல்வது எளிது. சங்கு ஊதாத காலையில் எந்த வீட்டில் உலை ஏறாது என்பதைச் சொல்பவர் பார்க்கவேண்டியதில்லை அல்லவா?

பிற்பகலில் ஆத்தூர் வெற்றிலைக் கொடிக்கால்களைக் கடந்து புன்னைக்காயல் சென்றோம். ஆறு கடலாகும் இடம். அலையாத்தி மரங்களின் வேர்கள் சேற்றில் விரல்களாய் எழுந்து நின்றன. மாதா கோவிலின் நிழலில் வலை பழுதுபார்த்துக்கொண்டிருந்த முதியவர் ஒருவரோடு பேச அமர்ந்தோம். முன்பு மடவையும் இறாலும் நண்டும் எப்படிக் கிடைத்தன, இப்போது எவ்வளவு தொலைவு போகவேண்டியிருக்கிறது என்றெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தவர், திடீரென்று கேட்டார்:

"ஐயா, நீங்க எந்த ஊரு?"

"வீரகேரளம்புதூர். தென்காசிப் பக்கம்."

"சிற்றாத்துக் கரையா?" அவர் முகம் மலர்ந்தது. "அப்போ நம்ம ஆளுக! உங்க தண்ணிதானே இங்க வருது." ஊசியை வலையில் கோத்தபடியே தொடர்ந்தார்: "அந்த வெள்ளத்துல உங்க ஊருச் சாமான் எல்லாம் எங்க வலையிலதான் ஏறிச்சு. உரச்சாக்கு, செருப்பு, பூச்சிமருந்து டப்பா, பால் கவரு... வெள்ளம் வடிஞ்சு மொத மொதல்ல கடலுக்குப் போனப்ப, வலை கனத்துச்சுன்னு ஆசையா இழுத்தோம். ஒரு மீன் இல்ல. எல்லாம் குப்பை."

அவர் எங்களைக் குற்றஞ்சாட்டவில்லை. உறவினரிடம் வீட்டுச் செய்தி சொல்வதைப் போலவே சொன்னார். அதனால்தான் தாங்கமுடியவில்லை. ஆலையைப் பற்றிக் கேட்க வந்த எங்களிடம் அவர் எங்கள் ஊரைப் பற்றிச் சொல்லிவிட்டார். எங்கள் ஊரில் குப்பை கொட்டும் இடம் ஆற்றங்கரைச் சரிவு. பூச்சிமருந்துப் புட்டியை வாய்க்காலில் அலசி அங்கேயே எறிவது வழக்கம். மழை வந்தால் "ஆறு சுத்தமாயிற்று" என்று நாங்களே மகிழ்ந்திருக்கிறோம். ஆறு எதையும் சுத்தம் செய்வதில்லை. நம் அழுக்கைக் கடைமடைக்கு முகவரி எழுதி அனுப்புகிறது, அவ்வளவே.

அடுத்திருப்பவர் யார் என்று இயேசுவிடம் வினவிய சட்ட வல்லுநருக்குக் கிடைத்த விடை நல்ல சமாரியர் உவமை. அவ்வுவமையில் குருவும் லேவியரும் அடிபட்டுக் கிடந்தவரைக் கண்டார்கள். கண்டும் விலகிச் சென்றார்கள். எங்கள் நிலை வேறு. நாங்கள் அவரைக் காணவேயில்லை. நாங்கள் அவர் பக்கம் போனதில்லை. எங்கள் தண்ணீர் மட்டும் நாள்தோறும் போய்க்கொண்டிருந்தது. காணாததால் குற்றமில்லை என்று சொல்லித் தப்பிக்கொள்ளலாமா? காணக்கூடாதென்று நாம் கண்ணை மூடவில்லை என்பது சரி. திறந்து பார்க்க வேண்டும் என்று ஒருநாளும் எண்ணவில்லை என்பதும் சரி. அடுத்திருப்பவர் என்பவர் அடுத்த வீட்டில் இருப்பவர் மட்டுமல்லர். நமக்கு அடுத்து அந்தத் தண்ணீரைத் தொடுபவரும் அவரே.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. அதில் நாங்களும் விழப் பார்த்தோம். திரும்பும் வண்டியில் ஒருவர் பெருமூச்செறிந்து, "எல்லாரும் குற்றவாளிகள்தான், யாரைச் சொல்வது?" என்றார். தாழ்மைபோலத் தோன்றும் இச்சொல் உண்மையில் தாழ்மையன்று. எல்லாரும் சமமாகக் குற்றவாளிகள் என்றால் எவரும் பதில்சொல்லக் கடமைப்பட்டவர் அல்லர் என்றாகிவிடும். பெரிய குழாயில் வருவதும் சிறிய புட்டியில் வருவதும் ஒன்றல்ல. தீங்கை யார் அறிந்திருந்தார், யாருக்குத் தடுக்கும் வல்லமை இருந்தது, யார் ஆதாயம் பெற்றார் என்னும் மூன்று அளவுகோல்களால் பொறுப்பை நிறுத்துப் பார்க்கவேண்டும். அவ்வாறு நிறுத்தால் தொழில் நடத்துவோர், கண்காணிக்கும் அரசுத் துறையினர், ஊராட்சிகள், பிறகு நம்மைப் போன்றோர் எனத் தட்டுகள் வேறுபடும். நம் தட்டு இலேசானதாயிருக்கலாம், வெறுமையானதன்று.

தென் பிரான்சில் மார்செய் நகருக்கு அருகே பெர் என்றொரு பெருங்காயல் உண்டு. அதன் கரையில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகள் எழுந்து, சிற்றூர்கள் தொழில் நகரங்களாயின. 1957-இல் அந்நாட்டு அரசு சட்டம் இயற்றி அங்கே மீன்பிடிப்பைத் தடைசெய்து, மீனவர்க்கு இழப்பீடும் வழங்கியது. 1966-இல் மேலே மலைநாட்டிலிருந்து வரும் துராங்சு ஆற்றின் நீரைக் கால்வாய் வழியே கொணர்ந்து, மின்சாரம் எடுத்தபின் அக்காயலிலேயே விட்டார்கள். அளவு மிஞ்சிய நன்னீரும் வண்டலும் உவர்நீர் உயிர்களை வாட்டின. 2004-இல் ஐரோப்பிய நீதிமன்றம் பிரான்சுக்கு எதிராகத் தீர்ப்புரைக்கும் அளவுக்கு அவ்வழக்கு வளர்ந்தது. ஆலைப்புகையைக் கண்டு முகஞ்சுளித்த எத்தனையோ இல்லங்களில், காயலை வாட்டிய அந்த நீர் தந்த மின்விளக்கு எரிந்திருக்கும். தலைமடைக்காரர் தம்மைத் தலைமடைக்காரர் என்று அறியாமலிருப்பது நம் நாட்டு நோய் மட்டுமன்று.

அம்மீனவர்க்குக் கொடுக்கப்பட்ட இழப்பீட்டை எண்ணிப் பார்க்கிறோம். பணம் கொடுத்தது ஒன்றுமே கொடாததைவிட நன்று. ஆயினும் ஒரு காயலின் விலை என்ன? அன்றைய மீனவர் தம் வலைக்கு விலை பெற்றிருக்கலாம்; இனிப் பிறக்கவிருந்த பிள்ளைகளின் வலைக்கு விலை பேச அவருக்கு உரிமை உண்டா? சில பொருட்கள் நம்முடையவை. சில நம்மிடம் ஒப்படைக்கப்பட்டவை. ஒப்படைக்கப்பட்டதை விற்கவும் முடியாது, விலைகொடுத்து வாங்கவும் முடியாது. தொழிலும் வேண்டும், காயலும் வேண்டும் என்று கேட்பது பேராசையன்று. கழிவைத் தூய்மை செய்யும் செலவு, பண்டத்தின் விலையிலேயே அடங்கவேண்டிய செலவு. அதைச் செலுத்தாமல் நாம் மலிவாக வாங்கும்போது, மீதித் தொகையை நாம் காணாத ஒருவர் தம் வலையிலிருந்து கட்டுகிறார்.

அப்படியானால் குறையுள்ள நாம் வாய்திறக்கவே கூடாதா? தூயவர் மட்டுமே நீதி கேட்கலாம் என்றால் உலகில் நீதியைக் கேட்க ஆளிராது. கேட்கத்தான் வேண்டும், ஆலைகளிடமும் அரசிடமும் அழுத்தமாகவே கேட்கவேண்டும். ஆனால் எந்த இருக்கையிலிருந்து கேட்கிறோம் என்பது முக்கியம். நாங்கள் நீதிபதியின் இருக்கையில் அமர்ந்தபடி புறப்பட்டோம். சாட்சிக் கூண்டில் நின்றபடி திரும்பினோம். சாட்சியும் உண்மையைச் சொல்லக் கடமைப்பட்டவரே. தன்னைப் பற்றிய உண்மையும் அதில் அடக்கம்.

ஊர் திரும்பியபின் பெரிதாக எதையும் சாதித்துவிடவில்லை. குப்பைமேட்டை ஆற்றுச் சரிவிலிருந்து மாற்ற வேண்டுமென்று மனு எழுதிக் கையொப்பம் வாங்கினோம். சிலர் கையொப்பமிட்டனர், சிலர், "வெள்ளம் வந்தா தானாப் போயிரும்" என்றனர். அவர்களைக் கடிந்துகொள்ள எங்களுக்கு நா எழவில்லை. சென்ற மாதம்வரை எங்கள் சொல்லும் அதுவாகத்தானே இருந்தது? எங்களுடன் வந்த விவசாயி மட்டும் பூச்சிமருந்துப் புட்டிகளை வாய்க்காலில் எறிவதை விட்டுவிட்டு, ஒரு சாக்கில் சேர்த்து வைக்கிறார். அதை எங்கே கொடுப்பது என்று அவருக்கு இன்னும் விடை கிடைக்கவில்லை. சாக்கு நிறைந்துகொண்டே வருகிறது. வீட்டார் நகைக்கிறார்கள்.

மாலைவேளையில் சிற்றாற்றங்கரையில் நிற்கும்போது இப்போதெல்லாம் நீரோட்டத்தின் திசையை நோக்குகிறோம். முன்பு அருவி இருக்கும் மேற்கையே பார்ப்போம். குற்றாலத்தில் சாரல் விழுந்ததா, தண்ணீர் கூடியதா என்பதே எங்கள் கவலை. இப்போது கிழக்கையும் பார்க்கிறோம். அங்கே, மாதா கோவில் நிழலில், முகம் மலர்ந்து "நம்ம ஆளுக" என்று சொன்ன முதியவர் ஒருவர் வலையைச் சரிசெய்துகொண்டிருப்பார். ஊர்ப் பெரியவர்கள் பூசல் தீர்க்க அமர்ந்து கேட்ட கேள்வியை இனி அவர் கேட்கவேண்டியதில்லை. நாமே நம்மைக் கேட்டுக்கொள்ளவேண்டும். கடைசி வயல் நனைந்ததா? நனைந்த நீர், அவர் தொடத்தக்க நீர்தானா?